ஒரு புத்தகமும் இரண்டு பரீட்சார்த்திகளும்

1992 மே 12, செவ்வாய்

மூன்றாம் பாடவேளையில் பொம்பர் சுற்றியதால் பிள்ளைகள் எல்லாரும் பங்கருக்குள். ஒன்பதாம் வகுப்புக்கு வணிகம் படிப்பிக்கவில்லை. எங்கும் குண்டு போடாமல் போய்விட்டது. ஆனாலும் பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்கூடத்தை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வெளிவாரிப் பட்டத்தின் முதற் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பினேன். தமிழ், வரலாறு, பொருளியல். பொருளியலுக்கு இரண்டு வினாத்தாள். சிற்றினப் பொருளியலுக்குப் பயமில்லை. பேரினப் பொருளியல்தான் இடிக்கிறது. ஒரு கடைக்காரன் விலை கூட்டினால் என்ன நடக்கும் என்று எனக்கு விளங்கும். ஒரு நாடு முழுவதும் சேமிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று கேட்டால் தலை சுற்றுகிறது. நான்கு வருடமாகத் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறேன். இதில் சித்தியடைந்தால்தான் நிரந்தர நியமனத்துக்குப் பெயர் அனுப்பலாம் என்று அதிபர் பாலேஸ்வரி அக்கா சொல்லிவிட்டார். வயது இருபத்தேழு. இன்னும் எத்தனை வருடம் தொண்டு செய்வது?

நிரப்பிக்கொண்டிருக்கையில் மக்டலீன் விறாந்தைக்குக் கீழே வந்து நின்றாள். கையில் காய்ந்த உடுப்பு.

"அக்கா, உந்தப் பத்திரம் இன்னொண்டு கிடக்கோ?"

ஆருக்கு என்று கேட்டேன். தனக்குத்தான் என்றாள். உயர்தரத்தில் பொருளியல் படித்தவளாம். ஒரு வருடமாக எங்கள் வளவில் இருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

மே 13, புதன்

நீர்வேலித் தபாற்கந்தோரில் இரண்டு விண்ணப்பமும் போட்டாயிற்று. மக்டலீனுடையதிலும் எங்கள் வீட்டு விலாசம்தான். அவளுக்கு வேறு விலாசம் இல்லை.

மே 24, ஞாயிறு

புத்தகம் ஒன்றுதான். மாமா கொழும்பில் படித்த காலத்தில் வாங்கிய பச்சை அட்டைப் புத்தகம். யாழ்ப்பாணக் கடைகளில் இப்போது கொப்பியே இல்லை. பொருளியல் புத்தகத்துக்கு எங்கே போவது? ஆகவே பங்கு பிரித்தோம். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு. ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து வினாக்கள் செய்வது.

அம்மாவிடம் சொன்னேன். "படிக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது" என்றார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் மக்டலீன் குடும்பம் குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து கோயில், பள்ளிக்கூடம் என்று மாறி மாறி அலைந்து, கடைசியில் எங்கள் படலையில் வந்து நின்றபோது, வாழைக்குலை அடுக்கும் கொட்டிலைக் கூட்டி மெழுகிக் கொடுத்தவர் அம்மாதான். மக்டலீன், கடற்றொழில் செய்த தகப்பன் சிமியோன், தாய் லூர்த்தம்மா, மூன்று பேர். முதல் இரண்டு கிழமையும் சோறு எங்கள் அடுப்பில்தான் வெந்தது. அவர்கள் தண்ணீர் அள்ளுவதற்குத் தோட்டக் கிணறு. வீட்டுக் கிணறு இல்லை. அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வந்த அன்றே அவர்கள் தாமாகத் தோட்டப் பக்கம் போனார்கள்.

யூன் 7, ஞாயிறு

வருமானத்தின் வட்டோட்டம் முடித்தோம். குடும்பங்களிடம் இருந்து நிறுவனங்களுக்கு, நிறுவனங்களிடம் இருந்து குடும்பங்களுக்கு. சேமிப்பும் வரியும் இறக்குமதியும் கசிவு. நான் படத்தை அடிமட்டம் வைத்துக் கீறினேன். மக்டலீன் கையால் கீறினாள்; கோணலாக வந்தது. ஆனால் அம்புக்குறி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் இரண்டு இடத்தில் யோசித்தேன், அவள் யோசிக்கவில்லை.

யூன் 8, திங்கள்

இன்று புத்தகம் என் முறை. எட்டுப் பக்கம். நாலு பக்கம் மனதில் நிற்கவில்லை.

யூன் 28, ஞாயிறு

ஏழாம் அத்தியாயம், பெருக்கி. ஓரிடத்தில் முதலீடு நூறு கூடினால் நாட்டு வருமானம் நூறு அல்ல, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கூடும் என்கிறது புத்தகம். ஏன்? ஒருவன் செலவு இன்னொருவன் வருமானம், அவன் செலவு வேறொருவன் வருமானம். வாய்பாடு பாடமாக்கிவிட்டேன். அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் பாதி கிழிந்து போயிருக்கிறது.

மக்டலீன், இது கீழ்நோக்கியும் வேலை செய்யும் என்றாள். புத்தகத்தில் அப்படி இல்லையே என்றேன். கிழிந்த பக்கத்தில் இருந்திருக்கும் என்று சொல்லி, குருநகரில் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்த கதையைத் தொடங்கினாள். வள்ளம், ஐஸ்காரன், மீனை ஏலம் கூறுகிற கூறியான் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போனாள். நான் அந்த நேரம் அவளுடைய கொப்பியில் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பெருக்கியைப் "பெறுக்கி" என்று எழுதியிருந்தாள், ஒரு பக்கத்தில் ஆறு இடத்தில்.

யூலை 12, ஞாயிறு

உடுவிலில் ரியூசன் நடத்தும் சோமசேகரம் மாஸ்ரரிடம் பழைய வினாத்தாள் ஒன்றுக்கு விடை எழுதிக் கொடுத்திருந்தோம். இன்று திருத்தித் தந்தார். எனக்கு ஐம்பத்தொன்று. மக்டலீனுக்கு அறுபத்தெட்டு.

அவளுடைய விடைத்தாளில் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் நிறைய. கீழே "சிந்திக்கிறீர்" என்று ஒரு சொல். என்னுடையதன் கீழே "படித்திருக்கிறீர்."

திரும்பி வருகையில் அவள் என் சைக்கிளின் பின்னால் இருந்தாள். உரும்பிராய்ச் சந்தி வரை நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன். பிறகு அவள்தான், எழுத்துப் பிழைக்கு எத்தனை புள்ளி வெட்டுவார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

யூலை 13, திங்கள்

படித்திருக்கிறீர் என்றால் நல்லதுதானே.

யூலை 29, புதன்

மழை இல்லை. தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. வாழை இலைகள் ஓரத்தில் கருகுகின்றன. இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை; சங்கக் கடையில் தந்ததில் இரண்டு போத்தலை அப்பா தனியே ஒளித்து வைத்திருக்கிறார். இன்னும் பத்து நாள் பார்த்து, மழை வராவிட்டால் அதைக் கொண்டு வாழைக்கு இறைப்பது என்று திட்டம். மண்ணெண்ணெய்க் கலனுக்கு மேல் சாக்குப் போட்டு மூடி, அதற்கு மேல் பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

பணவீக்கம் படித்தேன். இதற்கு மட்டும் புத்தகம் தேவைப்படவில்லை.

ஓகஸ்ட் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லூர்த்தம்மாவுக்கு விடியற்காலை தொடக்கம் காய்ச்சலும் வயிற்றோட்டமும். சிமியோன் மருந்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தோட்டக் கிணற்று வாளி ஓட்டை என்று நேற்று அப்பா ஒட்டக் கொடுத்திருந்தார். அங்கே வாளி இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார், அப்பா சந்தைக்கு. நான் பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை விசேட வகுப்பு. மக்டலீன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். எங்கள் வாளியால், எங்கள் கயிற்றால்.

மூன்றாவது வாளி அள்ளும்போது அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தாராம்.

நான் வந்தபோது மக்டலீன் கொட்டில் வாசலில் நின்றாள். அம்மா குசினிக்குள். சத்தம் ஒன்றும் இல்லை. அம்மா என்னைப் பார்த்து மெல்லமாகத்தான் சொன்னார்.

"சோறு குடுத்தனான். இருக்க இடம் குடுத்தனான். கிணறு வேறை."

தாய்க்குச் சுகமில்லையாம் என்றேன். "ஆரையும் கூப்பிட்டிருக்கலாம்" என்றார். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் ஆரைக் கூப்பிடுவது? அதை நான் கேட்கவில்லை. நினைத்தேன், கேட்கவில்லை.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு அப்பா மெசினைத் தோட்டத்தில் இருந்து தூக்கி வந்து வீட்டுக் கிணற்றடியில் பூட்டினார். அம்மா சொல்லி, அப்பா செய்தார். அந்த இரண்டு போத்தல் மண்ணெண்ணெயும் ஊற்றி, கிணறு முழுவதையும் இறைத்தார்கள். தீட்டுப் போக. தண்ணீர் வளவு முழுக்க ஓடிப் படலைக்கு வெளியே ஒழுங்கையில் போயிற்று. ஒழுங்கையால் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் விளங்கியிருக்கும். கொட்டில் வாசலுக்கும் அந்தத் தண்ணீர் போனது.

நான் அறைக்குள் புத்தகத்தோடு இருந்தேன். ஞாயிறு, சேர்ந்து வினாச் செய்கிற நாள். மெசின் சத்தம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நான் வெளியே வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அம்மா, நிப்பாட்டுங்கோ என்று இரண்டு சொல். இரண்டு சொல்லுக்கு நாக்கு வரேல்லை எனக்கு. பிள்ளைகளுக்கு முன்னாலை நிண்டு நாள் முழுக்கக் கத்துற நாக்கு.

ஓகஸ்ட் 10, திங்கள்

போய்விட்டார்கள். கைவண்டி ஒன்றில் பாய், பெட்டி, இரண்டு சட்டி. லூர்த்தம்மாவை சிமியோன் சைக்கிளில் இருத்தி உருட்டினார். அதற்கு முன் அப்பாவிடம் வந்து நின்று, "ஐயா, ஒரு வருசமா இருக்க இடம் தந்தியள். போட்டு வாறம்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

மக்டலீன் பச்சைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"ஏழாம் அத்தியாயம் கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்ததெல்லோ. மாஸ்ரரின்ரை புத்தகத்தைப் பார்த்து எழுதி ஒட்டியிருக்கிறன்."

நான், நல்லது என்றேன். நல்லது!

ஓகஸ்ட் 11, செவ்வாய்

அப்பா விடிய எழும்பி, வாளியால் அள்ளி வாழைக்கு ஊற்றுகிறார். அறுபது வாழை. மதியம் வரை ஊற்றினார். அம்மாவுடன் கதைக்கவில்லை. சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லியிருக்கலாம், பிள்ளை" என்றார். அவரும் சொல்லியிருக்கலாம்.

ஓகஸ்ட் 23, ஞாயிறு

தனியே படிக்கிறேன். புத்தகம் ஏழு நாளும் எனக்கு. வங்கிகள் கடன் உருவாக்குவது, பணக்கேள்வி, பணநிரம்பல். வாய்பாடுகள் எல்லாம் சொல்ல முடிகிறது. வினாவைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் நின்றுவிடுகிறேன். முன்பு நிற்கிற இடத்தில் மக்டலீன், "எங்கடை சந்திக் கடையிலை எண்டு வைச்சுப் பாருங்கோவன்" என்பாள். எந்தக் கடையை வைத்துப் பார்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

செப்ரெம்பர் 3, வியாழன்

பரீட்சை அனுமதி அட்டைகள் வந்தன. இரண்டு உறை. ஒன்று எனக்கு, ஒன்று மக்டலீனுக்கு. இருபத்துநான்காம் திகதி பேரினப் பொருளியல், நல்லூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

செப்ரெம்பர் 4, வெள்ளி

அவளுடைய உறை என் பெட்டிக்குள். நாளைக்குத் தேடிப் போகலாம்.

செப்ரெம்பர் 5, சனி

போகவில்லை. சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது. ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகும் போகவில்லை.

செப்ரெம்பர் 6, ஞாயிறு

வெட்கம் என்று எழுதலாம். முகத்தில் எப்படி முழிப்பது என்று. அது உண்மைதான். ஆனால் அது மட்டுமா? வேறு யாரும் வாசிக்காத கொப்பியில் என்னத்துக்குப் பொய்? அவள் எழுதாமல் விட்டால் நான் அறுபத்தெட்டையும் ஐம்பத்தொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. அவள் வராததால் எனக்கு ஒரு புள்ளியும் கூடப் போவதில்லை. தெரியும். தெரிஞ்சும் நாலு நாள் பெட்டியைப் பூட்டி வைச்சிருக்கிறன். அம்மா மெசின் பூட்டினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அம்மா எல்லாரும் பார்க்கச் செய்தவ. அவ்வளவுதான்.

செப்ரெம்பர் 7, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் பட்டணத்துக்குச் சைக்கிளில் போனேன். கோப்பாய், நல்லூர், பிறகு கடற்கரைப் பக்கம். குருநகர் வீதிகளில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேர், மண்டைதீவில் இருந்து ஆமி செல் அடிப்பதால் இந்தப் பக்கம் நிற்காதே என்றார்கள். இடம்பெயர்ந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கும் கோயில் ஒன்றைச் சொன்னார்கள். அங்கே அருட்பிரகாசம் பாதர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, சிமியோன் குடும்பம் உடுவிலுக்குப் போய்விட்டது என்றார். வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றின் பின் அறையில் இருக்கிறார்களாம்.

நீ யார் என்று கேட்டார். கூடப் படிக்கிறவள் என்றேன்.

செப்ரெம்பர் 8, செவ்வாய்

உடுவில். நான் போனபோது தாயும் மகளும் மாதாவின் பிறந்தநாள் பூசைக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். லூர்த்தம்மா மெலிந்துவிட்டார், ஆனால் நடமாடுகிறார். மக்டலீன் வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள்.

உறையைக் கொடுத்தேன். அவள் அதைப் பிரிக்கவில்லை. முதலில் தபால் முத்திரையைப் பார்த்தாள்.

"மூண்டாந் திகதி நீர்வேலிக்கு வந்திருக்கு."

"ஓம்."

"இண்டைக்கு எட்டு."

"ஓம்."

"அம்மா மறிச்சவவோ?"

பாதை எல்லாம் ஒரு பொய் தயாரித்துக்கொண்டு வந்தேன். தபால் பிந்தியது, நீர் எங்கே என்று தெரியவில்லை, இப்படி. அந்த முத்திரைக்குப் பிறகு அது ஒன்றுக்கும் உதவாது. அம்மாவின் தலையில் போட்டிருக்கலாம். அதை அவளே எடுத்து நீட்டினாள்.

"இல்லை. அம்மாவுக்குத் தெரியாது. நான்தான் வைச்சிருந்தனான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. வினாத்தாளில் கடினமான வினாவைப் பார்ப்பது போல. பிறகு உறையைப் பிரித்து, தன் பெயர் சரியா, சுட்டெண் சரியா என்று பார்த்தாள்.

"தேத்தண்ணி குடிப்பியளோ, அக்கா?"

குடிப்பேன் என்றேன். லூர்த்தம்மா வெறுந்தேத்தண்ணீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தார். ஒரு வருடமாக எங்கள் வளவுக்குள் இருந்தவர்கள். அவர்கள் கையால் நான் ஒருநாளும் ஒன்றும் வாங்கிக் குடித்ததில்லை என்பது அப்போதுதான் மனதில் பட்டது. சுடச்சுட இருந்தது. முழுவதும் குடித்தேன்.

புறப்படும்போது, பரீட்சை முடியும் வரை பச்சைப் புத்தகத்தை நீர் வைத்திரும் என்று நீட்டினேன். அதற்காகவே கொண்டு போயிருந்தேன்.

"வேண்டாம். நான் முழுக்கப் பார்த்து எழுதிப்போட்டன்."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். செவ்வாய், வியாழன், சனிகளில். எடுத்துக் காட்டினாள்: பழைய வரவு இடாப்புத் தாள்களின் பின்பக்கத்தில்.

செப்ரெம்பர் 24, வியாழன்

பரீட்சை.

ஒன்பது மணிக்குத் தொடங்கியது. மக்டலீன் எனக்கு மூன்று வரிசை முன்னால். எட்டு வினாவில் ஐந்து எழுத வேண்டும். தேசிய வருமானக் கணிப்பு, வங்கிக் கடன், பணவீக்கத்தின் காரணங்கள்: இந்த மூன்றும் பரவாயில்லை. நான்காவது, வெளிநாட்டுச் சென்மதி நிலுவை; அரைவாசி.

ஐந்தாவது இதுதான்: முதலீடு வீழ்ச்சியடையும்போது பெருக்கி தொழிற்படும் விதத்தை உமது பிரதேசத்தில் இருந்து ஓர் உதாரணம் தந்து விளக்குக.

வாசித்தவுடன் எழுதத் தொடங்கினேன். கடலுக்குப் போவது தடைப்படுகிறது, வள்ளம் கரையில் நிற்கிறது, ஐஸ்காரனுக்கு வேலை இல்லை, கூறியானுக்கு வேலை இல்லை. அதற்கு மேல்? அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள்? வலைக்காரனா, பேக்கரியா? எந்தக் கட்டத்தில் அது நிற்கும் என்று சொன்னாள், ஏன் ஒரேயடியாகப் பூச்சியத்துக்கு வராது என்று ஏதோ சொன்னாள். எனக்கு ஞாபகம் இருப்பது அவளுடைய ஆறு எழுத்துப் பிழைகள் மட்டும். கீழ்நோக்கியும் வேலை செய்யும் என்பது ஒட்டிய அந்தப் பக்கத்தில் இருந்திருக்கும். அவள் போன பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவேயில்லை.

அப்போது ஹெலி வந்தது. மண்டபம் முழுக்க மேசைகளுக்குக் கீழே படுத்தோம். தூரத்தில் எங்கோ சுட்டது. பத்து நிமிடம். எழும்பியபோது மேற்பார்வையாளர், கால்மணி கூட்டித் தருவதாகச் சொன்னார். நான் எழுதிய அரைப்பக்கத்தை வெட்டினேன். தொழிற்சாலை ஒன்று மூடப்படுகிறது என்று புத்தகத்து உதாரணத்தைத் தலைகீழாக்கி எழுதினேன். எங்கள் பிரதேசத்தில் எந்தத் தொழிற்சாலை என்று எழுதவில்லை.

வெளியே மக்டலீன் சைக்கிள் நிற்கும் இடத்தில் நின்றாள். எப்படி என்றாள். பரவாயில்லை என்றேன். நீர் எப்படி என்று கேட்டேன். ஐந்தாவது வினாவுக்குத் தாள் போதவில்லை, கூடத் தாள் வாங்கி எழுதினேன் என்றாள்.

செப்ரெம்பர் 25, வெள்ளி

நாள் முழுவதும் நித்திரை.

1993 பெப்ரவரி 16, செவ்வாய்

பெறுபேறு. கொழும்பில் இருந்து கப்பலில் வருகிற தபால், இரண்டு மாதம் பிந்தி.

தமிழ் சித்தி. வரலாறு சித்தி. சிற்றினப் பொருளியல் சித்தி. பேரினப் பொருளியல் சித்தியில்லை. அந்த ஒரு தாளை மட்டும் யூனில் திரும்ப எழுதலாம்.

மக்டலீனுடைய பெறுபேறும் எங்கள் விலாசத்துக்குத்தான் வந்தது. உறை ஒட்டாமல் இருந்தது, திறந்து பார்த்தேன். எல்லாம் சித்தி. பேரினப் பொருளியலில் திறமைச் சித்தி.

என்ரை புத்தகம். என்ரை வீட்டு விறாந்தை. எழுத்துப் பிழை திருத்தினது நான். விலாசம் குடுத்தது நான். ஒரு கொட்டிலுக்குள்ளை இருந்து, பழைய இடாப்புத் தாளிலை எழுதிப் படிச்சுப்போட்டு அவள் எங்கையோ போயிட்டாள், நான் இங்கை நிக்கிறன். என்ன நியாயம் இது?

எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். விலாசம் கொடுத்தேனாம்.

பெப்ரவரி 17, புதன்

விடிய ஆறு மணிக்கே புறப்பட்டு உறையை உடுவிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லூர்த்தம்மாதான் நின்றார், மக்டலீன் வேலைக்குப் போய்விட்டாளாம். என்ன வேலை என்று கேட்காமல் வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று. அந்த உறையை ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை. அதுவரையில் சரி.

பெப்ரவரி 27, சனி

பாலேஸ்வரி அக்கா என்னைக் கூப்பிட்டு, யூனில் எழுதி எடு, அதுவரை உன் பெயரை நிறுத்தி வைக்கிறேன் என்றார். தனியே படிக்காதே, யாரிடமாவது போ என்றும் சொன்னார். உடுவிலில் சோமசேகரம் மாஸ்ரர் கொழும்புக்குப் போய்விட்டாராம். அவருடைய பொருளியல் வகுப்பை இப்போது ஒரு பிள்ளை எடுக்கிறாளாம், பெயர் ஏதோ வேதக்காரப் பெயர், மாதா கோயில் ஆட்களாம், நல்லாய் விளங்கப்படுத்துகிறாள் என்று எல்லாரும் சொல்கிறார்களாம்.

தெரியும் என்றேன்.

மார்ச் 4, வியாழன்

போனேன். மூன்று மணி வகுப்பு. கிடுகுக் கொட்டில், பிள்ளைகள் இருக்க ஏழு நீள வாங்கு, ஒரு கரும்பலகை. உயர்தரப் பிள்ளைகள் இருபது பேர் வரையில். எல்லாரும் வர முன்னம் அவளைத் தனியே சந்திக்க நினைத்து இரண்டே காலுக்குப் போய்விட்டேன். மக்டலீன் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்வது என்று வழியில் ஒத்திகை பார்க்கவில்லை. பெறுபேற்றைச் சொன்னேன். யூனில் திரும்ப எழுத வேண்டும், உம்முடைய வகுப்புக்கு வரலாமா என்று கேட்டேன். பிறகு, இதைச் சொல்லாமல் உள்ளே போக ஏலாது என்று பட்டதால், அன்றைக்குக் கிணறு இறைக்கும்போது நான் வீட்டுக்குள்தான் இருந்தேன், வெளியே வரவில்லை என்றேன்.

"தெரியும். யன்னலாலை உங்கடை சீலை தெரிஞ்சது."

துணியைப் பிழிந்து காயப் போட்டாள். அப்போது இரண்டு பெண் பிள்ளைகள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மக்டலீன் அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"வியாழனும் சனியும். கொப்பி கொண்டு வாங்கோ. பாடமாக்கினதை எழுதிக்கொண்டு வரக்கூடாது. அது மட்டுந்தான்."

இன்றைக்கு வேலையின்மையின் வகைகள். உராய்வு, அமைப்பு, பருவகாலம், சுழற்சி. நான்கையும் பலகையில் எழுதிவிட்டுக் கேட்டாள்: வள்ளம் இருக்கிறது, வலை இருக்கிறது, கடலில் மீன் இருக்கிறது, வேலை தெரிந்த ஆள் இருக்கிறான், ஆனால் கடலுக்குப் போக விடவில்லை. அவன் இந்த நான்கில் எது? பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பருவகாலம் என்று ஒருத்தி. அமைப்பு என்று ஒருவன். அவள் ஒவ்வொருவரிடமும் ஏன், ஏன் என்று கேட்டு ஒவ்வொன்றாக விழுத்தினாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். வாய்க்கு வந்த வரைவிலக்கணத்தை விழுங்கிக்கொண்டு, தெரியவில்லை ரீச்சர் என்றேன்.

ரீச்சர் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. சுற்றி எல்லாரும் சொல்கிறார்கள், வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்த மாதிரியும் காட்டவில்லை.

"எனக்கும் தெரியேல்லை. புத்தகத்திலை அவருக்கு இடமில்லை. அப்பிடி இடமில்லையெண்டே எழுதுங்கோ, ஏனெண்டு காரணத்தோடை. அதுதான் விடை."

அவர் என்றாள். வீட்டில் சிமியோன் வலை பொத்திக்கொண்டிருப்பார், கடல் இல்லாத ஊரில்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பார்த்து எழுத ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் 18, வியாழன்

ஐந்து வகுப்பு முடிந்துவிட்டது. இன்று சிறு சோதனை வைத்தாள், எனக்கு ஐம்பத்தெட்டு. ஓரிடத்தில் "இது உங்கடை சொல் இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். சரிதான், அது புத்தகத்துச் சொல்.

வீட்டுக்கு வரும்போது ஐந்தரை. அம்மா முற்றத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தார். எங்கே போகிறேன் என்று இரண்டு கிழமையாக அவருக்குத் தெரியும். அப்பா சொல்லியிருப்பார், அல்லது ஒழுங்கை சொல்லியிருக்கும். ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கையில் மிளகாயோடு நிமிராமல் கேட்டார்.

"உவள் உன்னை எங்கை இருத்துறாள்?"

"வாங்கிலை அம்மா. மற்றாக்களோடை."

அம்மா கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பினார். குசினி வாசல் வரை போய்விட்டு, சனிக்கிழமையும் வகுப்பா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் அன்றைக்கு நேரத்தோடு சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.